கோல் போட்டவனின் தங்கை

முந்தின நாள் மாலை கத்திய கத்தலில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அரையிறுதியில் நீல அணி ஜெயித்துவிட்டது... அதுவும் கடைசி நிமிட கோலில்! எக்ஸ்ரே அறையில் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றபோதும் அவள் கால் தரையில் பாவவில்லை.

"அடுத்தது யாரு? உள்ள வாங்க."

வந்தவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். நெடுநெடுவென்ற உயரம். இடது கையில் துண்டு சுற்றியிருந்தது. இமைகளில் மழைத்துளி இன்னும் ஒட்டியிருக்க, அந்தக் கண்கள்... ராத்திரி முழுக்கத் தூங்காத, யாரிடமும் எதையும் கேட்காத கண்கள். எதற்கு வந்து நின்றோம் என்பதே ஒரு கணம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"கையில என்ன ஆச்சு?"

"வேலையில அடி."

"என்ன வேலை?"

"பிடிக்கிற வேலை. நேத்து சரியா பிடிக்கல."

"ஆளைப் பிடிக்கிற வேலையா? போலீஸா நீங்க?"

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. அவள் துண்டைப் பிரித்து, வீங்கிப்போன அந்தக் கையைப் பூவைத் தொடுகிற மாதிரி மேஜை மேல் வைத்தாள்.

"அசைக்காதீங்க. பேச்சுக் கொடுக்கிறேன், வலி தெரியாது. நேத்து மேட்ச் பார்த்தீங்களா? என்ன கோலு! அந்தக் கீப்பரை நினைச்சாத்தான் சிரிப்பா வருது. கைக்குள்ள வந்த பந்தை விட்டுட்டான். நின்னுக்கிட்டே தூங்கிட்டான் போல!"

"தூங்கலீங்க," என்றான் அவன் மெதுவாக. "முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. மைதானத்தின் மறுகோடியில், சேறு அப்பிய முகமாக நேற்று அவள் பார்த்த கீப்பர்... இவனா!

"ஐயோ... சாரிங்க... நான்..."

"பரவாயில்ல, ஃபோட்டோக்காரம்மா. ஊரே சிரிக்குது. நீங்களாவது நேர்ல சிரிச்சீங்க."

திரையில் படம் வந்தது. நடுவிரலும் மோதிர விரலும் நொறுங்கியிருந்தன. மேஜை மேலிருந்த கையைப் பார்த்தாள். புறங்கையில் வட்ட வட்டமாகக் கறுத்துக் கன்றிய தடங்கள், ஒரே வரிசையில். பூட்ஸின் அடித்தடம்.

"இது பந்து பட்ட காயம் இல்லையே..."

"நடுவர் விசில் ஊதல. ஊதலைன்னா அது காயம் இல்லீங்க, கோல்."

யாருடைய பூட்ஸ் என்று அவள் கேட்க வேண்டிய அவசியமில்லை. அந்த கோலைப் போட்டது அவளோடு கூடப் பிறந்த அண்ணன். ஊர் அவனை 'புல்லட்' என்று கூப்பிட்டது.

வீட்டுக்குப் போனபோது அப்பா அதே கோலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்தக் கீப்பரோட கை உன் கண்ணுல பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுச்சு. பந்து மேல கை இருந்துச்சு, கை மேல காலை வெச்சேன், விட்டுட்டான். இதுல என்ன பஞ்சாயத்து?"

"அவர் இனிமே ஆட முடியாமப் போனா?"

"அவரா?" அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "என்னடி, மரியாதை எல்லாம் பலமா இருக்கு?"

அம்மா குறுக்கே வந்தாள். "ஜெயிச்சுட்டு வந்த பிள்ளையை நிக்க வெச்சுக் கேள்வி கேக்குறியா? இந்தப் பேச்சு இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் தாண்டவிடவில்லை. அதுதான் பின்னால் அவளைத் தின்றது.

கையைக் காட்ட அவன் அடிக்கடி வந்தான். படம் எடுக்க வேண்டாத நாளிலும் வந்தான். வராந்தா இயந்திரத்திலிருந்து அவள் காபி பிடித்துக் கொடுப்பாள். வெளியே மழை கொட்டும்.

"எதிரணி ரசிகை கையால காபி... விஷம் வெச்சிருக்க மாட்டீங்களே?"

"வைக்கலாம்னுதான் இருந்தேன். தீர்ந்து போச்சு."

அவன் வாய்விட்டுச் சிரிக்கும்போது அவளுக்கு உள்ளே ஏதோ இளகி ஓடும். 'இன்னிக்குச் சொல்லிடணும்... நான் யாரோட தங்கச்சின்னு சொல்லிடணும்...' என்று தினமும் வாய் வரைக்கும் வரும். சொன்னால் நாளைக்கு இவன் வரமாட்டானே என்ற நினைப்பு அதை விழுங்கிவிடும்.

மழையால் ஒரு மாதம் தள்ளிப்போன இறுதிப் போட்டியிலும் நீல அணியே ஜெயித்தது. கடைசி விசில் ஊதியதும் பக்கத்து இருக்கைக்காரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்பா குதித்தார். சின்ன வயதிலிருந்து அவள் காத்திருந்த கோப்பை அது. ஆனால் ஆட்டம் முழுக்க அவள் கண்கள், முன்பின் தெரியாத வேறொரு எதிரணி கீப்பரின் கைகளை விட்டு நகரவேயில்லை. அண்ணன் அந்தக் கைகளை நெருங்கும் போதெல்லாம் அவள் தன் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்தாள்.

மறுநாள் காலை கோப்பையோடு வீரர்களின் ஊர்வலம் ஆஸ்பத்திரி வழியாக வந்தது. அவன் அப்போதுதான் டாக்டரைப் பார்த்துவிட்டு, மாடி ஜன்னலருகே அவளிடம் வந்திருந்தான்.

"விரல் ரெண்டும் முழுசா மடங்காதாம். பந்தைத் தட்டிவிடலாமாம், பிடிக்க முடியாதாம்... கிளப்லயும் கை கழுவிட்டாங்க."

அதே நேரம் கீழே ஆரவாரம் வெடித்தது. திறந்த பஸ்ஸின் மேல்தளத்தில், மழையில் நனைந்துகொண்டே, அண்ணன் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். பஸ் ஜன்னலுக்கு நேராக வந்தது. அவளைப் பார்த்துவிட்டான்.

"ஏய் தங்கச்சி! பார்த்தியா, தங்கச்சி!"

வராந்தாவே அவள் பக்கம் திரும்பியது. "அட, நம்ம எக்ஸ்ரே அம்மா புல்லட்டோட தங்கச்சியா!" என்று ஒரு நர்ஸ் கூவினாள். யாரோ கை தட்டினார்கள்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலருகே யாருமில்லை.

படியில் விழுந்தடித்து இறங்கி, வாசலில் மழைக்குள் அவனைப் பிடித்தாள்.

"நில்லுங்க! சொல்லணும்... எங்க அண்ணன் தெரிஞ்சேதான் மிதிச்சான். வீட்டுல அவனே சொன்னான். நான்தான் மறைச்சுட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன், யார் முன்னாடி வேணும்னாலும்..."

"தெரிஞ்சு மிதிச்சான்னு எனக்குத் தெரியும். மிதிக்கும்போது அவன் கண்ணைப் பார்த்தேன்." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது. "உங்க கண்ணை எங்கேயோ பார்த்திருக்கேன்னு எத்தனையோ நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். இப்பத்தான் விளங்குது. அச்சு அசல் அதே கண்ணு."

"நான் அவன் இல்லையே..."

"இல்லதான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை சரியாகி, திரும்பவும் ஆட ஆரம்பிச்சதும் சொல்லணும்னு இருந்தேன். அது இனிமே இல்ல. சரி, விடுங்க. ஆனா உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே ஒரு வாழ்க்கை வாழணும்... உங்க வீட்டுல அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்... நான் அவ்வளவு நல்லவன் இல்லீங்க."

"அந்த வீட்டையே விட்டுட்டு வந்துடறேன்!"

"கண்ணை எங்க விட்டுட்டு வருவீங்க?"

அவன் உடைந்த கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். ஊர்வலத்தின் கூச்சல் தெருக்கோடியில் தேய்ந்துகொண்டிருந்தது. அவன் தெருவைக் கடப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்... இத்தனை நாள் விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை, ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் பார்க்க.

"நான் உங்களைக் காதலிக்கிறேன்!"

அவன் நின்றான். மழையில் தோள்கள் ஒருமுறை குலுங்கின. கேட்டுவிட்டது. நன்றாகவே கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகும் அவன் நடந்தான்.