துரை திறக்கச் சொல்லாத கதவு

எங்கள் நாய்க்குத் துரை என்று பேர் வைத்தது நான்தான், எரிச்சலில். கதவை மூன்று முறை பிராண்டினால் திறக்க வேண்டும். செருப்பைக் கவ்விவந்து போட்டால் கூடவே கிளம்ப வேண்டும். நான் கூப்பிட்டால் காது கேட்காத என் வீட்டுக்காரர், துரை பிராண்டினால் மட்டும் சாப்பாட்டை விட்டு ஓடுவார்.

இந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தபோது வீட்டின் சொந்தக்காரி பின்னறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள். "அது மட்டும் வேணாம்மா."

மழை பெய்த ஒரு மத்தியானம். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தேன். துரை என் காலடியில் தூங்கினான்.

பின்னறைக் கதவில் பிராண்டல். மூன்று முறை.

"இதோ வந்துட்டேன்டா" என்று அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போனார்.

"துரை இங்க இருக்குங்க!"

பூட்டு திறந்தது. ஈரத்துணி நாற்றம் வீடெங்கும் பரவியது. திரும்பி வந்தவர், "உள்ள ஒண்ணுமில்ல" என்று சாவியை மாட்டினார்.

துரை மயிர் சிலிர்த்து உறுமினான்.

அதன்பின் நாய் அவரை அண்டவில்லை. அவரோ ஒரு தடவை கூப்பிட்டாலே வந்து நின்றார். எனக்குத் துரை மேல்தான் ஆத்திரம். என் செருப்பைக் கவ்விக்கொண்டுபோய்ப் பின்னறை ஜன்னலடியில் போடுவதே வேலையாகிவிட்டது.

"சோறு போட்டவரையே உறுமுறியா, நன்றி கெட்ட நாயே!" அந்தச் செருப்பாலேயே அடித்தேன். அவன் கத்தவில்லை. மறுபடி அங்கேயே கொண்டுபோனான்.

கட்டிப்போடக் கயிற்றோடு பின்னால் போனேன். துரை மூடிய ஜன்னலைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தான்.

அப்படி அவன் ஒருவருக்குத்தான் வாலாட்டுவான்.

"ஏம்மா... கதவத் திறயேன். எவ்ளோ நேரமா கூப்பிடறேன்."

என் வீட்டுக்காரரின் குரல். உள்ளேயிருந்து, அழுகையோடு.

திரும்பினேன். அவர் என் பின்னால் நின்றார், கையில் சாவியோடு.

"குடுடா சாவிய!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரரை நான் 'டா' போட்டதே இல்லை. இது என் வீட்டுக்காரர் இல்லை.

அது சாவியை நீட்டியது. "தாராளமா திற. திறக்கறவங்க உள்ளயே இருந்துடணும், அவ்வளவுதான்."

உள்ளே அழுகை நின்றது.

"திறக்காதம்மா. துரைக்குத் தண்ணி வெச்சியா?"

அப்போதும் அந்த மனுஷனுக்கு நாய்தான்! வந்த ஆத்திரத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பூட்டில் சாவியைத் திருப்பும்போது கொல்லையில் அது நாயைக் கூப்பிடுவது கேட்டது.

"வாடா துரை, வாடா கண்ணா."

என் குரலில்.