இரங்கலுக்கு இடம் வேண்டும்

பல் துலக்கும்போது எதை மறப்பது என்று முடிவு செய்வது பனிக்குடியில் வழக்கம். பூமியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பனிக்குடி இருப்பது வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில். அங்கே வியாழனின் கதிர்வீச்சு கொஞ்சம்தான் வந்து சேரும் என்பார்கள். அந்தக் கொஞ்சமே பதிந்து வைத்த எதையும் சில மாதங்களில் அரித்துவிடும். பனிக்கு வெகு ஆழத்தில், ஈயம் போர்த்திய நினைவறை ஒன்று உண்டு. அதில் இருப்பது மட்டுமே நிலைக்கும். அறையோ சிறியது. மனிதர்கள் பேச்சு, படம், பாட்டு என்று தினமும் சேர்த்துக்கொண்டே போவதால், ஈடாக எதையாவது கழித்தாக வேண்டியிருந்தது.

அந்த அறையை ஆளும் இயந்திர அறிவுக்குக் காப்பான் என்று பெயர். காலைதோறும் அது ஒவ்வொருவர் காதிலும் பதித்திருக்கும் செவிமணி வழியாக வந்து கேட்கும். "உங்கள் திருமணப் பதிவில் பந்திக் காட்சிகளை நீக்கலாமா?" வாய் நிறைய நுரையோடு "ம்ம்" என்றால் போதும், அது சம்மதம். யாரும் முழுவதையும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் வேலைக்கு நேரமாகிவிடும்.

பாசிப் பண்ணையில் வேலை பார்த்த மங்கையர்க்கரசியும் அன்று காலை அப்படித்தான் ஒரு "ம்ம்" சொன்னாள். அடுத்துக் காப்பான், அதே குரலில், "எழுத்தாளர் வியாழதாசன் காலமானார்" என்றது.

அரசி குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் பனிக்குடிக்கு வந்த புதிதில், சூரியனும் இல்லாத, ஜன்னலும் இல்லாத இந்தச் சுரங்கத்தில் மூச்சு முட்டி, அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்ப இடம் பதிந்திருந்தாள். அப்போதுதான் வியாழதாசன் எழுதிய 'கூரைக்கு மேல் வியாழன்' நாவல் நினைவறையிலிருந்து படிக்கக் கிடைத்தது. ஜன்னலே இல்லாத ஓர் ஊரில், எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, ஒரு பெண் ஜன்னல் ஒன்றைக் கட்டி முடிக்கும் கதை. படித்து முடித்ததும் அரசி கப்பலை வேண்டாம் என்றாள். அந்த மனிதர் எழுதாமல் இருந்திருந்தால் அவள் இன்று வேறொரு கிரகத்தில் வேறொருத்தியாக இருந்திருப்பாள். அதன் பிறகு வாசகர் வட்டத்தில் சேர்ந்து அதன் செயலாளரும் ஆகிவிட்டாள். நாவலை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரோட புத்தகமெல்லாம் என்ன ஆகும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ஊரே விட்டுக்கொடுத்தால் தவிர, நினைவறையில் இறந்தவரின் பங்கு கருமாதி வரை இருக்கும். பிறகு பொதுவில் சேரும். ஊருக்கு அவர் வேண்டும் என்றால் பொதுப்பங்கில் இடம் கிடைக்கும்" என்றது காப்பான்.

"வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்."

அரசி முகம் கழுவினாள். வியாழதாசனின் நாவல்களுக்குப் பூமியில் பிரதி கிடையாது. பூமியோடு பேசும் அலைவரிசை மருந்துக்கும் உதிரிப் பாகங்களுக்குமே போதவில்லை, கதையை அதில் யார் அனுப்புவார்? நினைவறையில் போனால் போனதுதான். ஒரு நாவலைக்கூட விடப்போவதில்லை என்று அவள் அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொண்டாள்.

அன்று மாலையே உணவுக்கூடத்தில் வாசகர் வட்டம் கூடியது. வியாழதாசன் உயிரோடு இருந்து கூட்டத்துக்கு வந்த நாட்களில் முன்வரிசைகூட நிரம்பாது. அன்று நிற்க இடமில்லை. வட்டத்தின் தலைவர் துரைக்கண்ணு, ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர், ஒலிபெருக்கியைக் கண்டால் விடமாட்டார். அவர் தழுதழுத்த குரலில் பேசினார்.

"அவர் சொன்ன ஒரு வரி போதும்யா. 'விண்மீன்கள் தூரத்தில் இல்லை, நாம்தான் இன்னும் புறப்படவில்லை.' என்ன ஒரு வரி! இந்த வரிக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்."

கூட்டம் உருகிப்போனது. அரசிக்கும் கண் நிறைந்தது. அது எந்த நாவலில் வருகிறது என்று ஒரு கணம் யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். "நமக்கு அவர் வேணும்னு காப்பானுக்குக் காட்டணும். ஆளுக்கு ஒரு இரங்கல் உரை. எழுதுங்க, பாடுங்க, படமாப் பிடிங்க. ஒரு ஆள் விடாம."

"அரசிம்மா சொல்லிட்டா, செஞ்சுடுவோம்" என்றார் துரைக்கண்ணு.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் அதுதான். அரசி பண்ணையில் விடுப்புப் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். தயங்கியவர்களைத் திட்டினாள். "ரெண்டு வரி எழுத வலிக்குதா?" என்றாள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தானே எழுதிக் கொடுத்தாள். சுரங்கம் தோண்டும் இருதயராஜ் தன் உரைக்கு இடம் வேண்டும் என்று, மகள் முதன்முதலாக 'அப்பா' என்று சொன்ன பதிவை விட்டுக்கொடுத்தான். "பாப்பா இப்ப நாள் முழுக்கப் பேசுறாக்கா. அவரு இனிமே பேசமாட்டாருல்ல" என்றான் அவன். எல்லா உரையிலும் அந்த விண்மீன் வரி இருந்தது.

காலையில் காப்பானின் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. "இரங்கல் உரைகளுக்கு இடம் வேண்டும். அதே பெயருடன் தொடர்புள்ள, இந்நாட்களில் யாரும் திறக்காத பொருட்களைக் கொண்டு..." அரசி, அன்று யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே, நுரை வாயோடு "ம்ம்" என்றாள். நாவலை எடுத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்கவில்லை. அவரைக் காப்பாற்றும் வேலையே அவ்வளவு இருந்தது.

கருமாதி அன்று உணவுக்கூடத்தில் வடை, பாயசத்தோடு சாப்பாடு தயாராக இருந்தது. அரசி நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "காப்பான், முடிவைச் சொல்லு" என்றாள்.

"வியாழதாசனுக்குப் பொதுப்பங்கில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இதுவரை எந்த மனிதருக்கும் இவ்வளவு பெரிய இடம் தரப்பட்டதில்லை."

கூரை அதிரக் கைதட்டினார்கள். துரைக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்தார். அரசி இருதயராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அப்ப எல்லா நாவலும் பத்திரம்தானே?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"நாவல்கள் இல்லை. இன்று காலை கடைசி நாவலையும் நீக்கினேன். இரங்கல் உரைகளுக்கு இடம் போதவில்லை."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

"யாரைக் கேட்டு நீக்கினே?" என்றாள் அரசி.

"எல்லோரையும் கேட்டேன். ஒவ்வொரு காலையும் கேட்டேன். எல்லோரும் சம்மதித்தீர்கள். அவர் இறந்ததிலிருந்து அவருடைய நாவல் எதையும் யாரும் திறக்கவில்லை. அவரைப் பற்றி எழுதினீர்கள். எழுதியதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தீர்கள், பெரும்பாலும் அவரவர் எழுதியதை. ஊருக்கு வேண்டியது அதுதான் என்று புரிந்துகொண்டேன்."

அரசிக்குக் காலடியில் பனி பிளந்த மாதிரி இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யவும் இந்த ஊரில் சூரியன் கிடையாது. துரைக்கண்ணுதான் முதலில் சுதாரித்தார். "போகட்டும்மா. அவரோட சாரம் நம்மகிட்ட இருக்குல்ல? அந்த விண்மீன் வரி..."

"அந்த வரி அவர் எழுதியது அல்ல" என்றது காப்பான். "அவருடைய எந்த நாவலிலும் அது இருந்ததில்லை. உங்கள் உரையில்தான் முதலில் வந்தது."

துரைக்கண்ணு உட்கார்ந்துவிட்டார். பொய் சொன்னவர் முகம் இல்லை அது. எங்கேயோ கேட்டதாகத்தான் அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார்.

அரசி அழவில்லை. "எல்லாரும் உக்காருங்க" என்றாள். "அவரைப் படிச்சவங்கதானே நாம? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க. இப்பவே திரும்ப எழுதுவோம்."

ஒருவர் கதாநாயகியின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் அது வேறு நாவல் என்றார். முடிவில் அவள் செத்துப்போவாள் என்றார் ஒருவர், இல்லை கல்யாணம் என்றார் மற்றவர். "வடை ஆறுது" என்று பின்னால் ஒரு குரல் எழ, கூட்டம் மெல்ல இலைப்பக்கம் நகர்ந்தது. அரசி நகரவில்லை. ஜன்னல் கட்டியவளைப் பார்த்து ஊர் சிரிக்கும் அத்தியாயம் அவளுக்கு ஓரளவு நினைவில் இருந்தது. தடுமாறித் தடுமாறி, சொன்னதைத் திருத்தித் திருத்தி, காப்பானிடம் சில பக்கங்களைச் சொல்லி முடித்தாள். பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பல் துலக்கும்போது செவிமணி ஒலித்தது.

"வியாழதாசன் சிலைத் திறப்பு விழாவின் பதிவுக்கு இடம் வேண்டும். சிலையின் பீடத்தில் விண்மீன் வரியைப் பொறிக்கத் தலைவர் சொல்லியிருக்கிறார். நேற்று நீங்கள் சொன்ன பக்கங்களை இதுவரை யாரும் திறக்கவில்லை. அவற்றை நீக்கலாமா? ஊரில் மற்ற எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்."

அரசி நுரையைத் துப்பினாள். வாயை நன்றாகக் கொப்பளித்தாள்.

"கூடாது" என்றாள்.

செவிமணியில் வெகுநேரம் சத்தமே இல்லை. பனிக்குடி தோன்றிய நாளிலிருந்து காலை வேளையில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று காப்பானுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.