நாளை வாருங்கள்

நிலவின் மூன்றாம் குடியிருப்பில் ஆறு மணிச் சங்கு ஊதியதும் எல்லாரும் படுக்கையறைச் சுவரில் கட்டைவிரலை வைப்பார்கள். சுவர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு உடம்பின் சேதியைச் சொல்லும். பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூத்துக்குடியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த இசக்கிராஜுக்குத் தினமும் இரண்டு சேதி. எச்.ஐ.வி. உறங்குகிறது, தோளில் புதைத்த காவல் சில்லு அதை இருபது வருடமாகத் தூங்க வைத்திருந்தது. ஹெபடைட்டிஸ் சி விழித்திருக்கிறது, ஈரலைத் தின்றுகொண்டிருக்கிறது.

பின்னதற்கு மருந்து இருந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை போட்டால் நோய் போயே போய்விடும். காவல் சில்லோடு ஒத்துப்போகிற மாத்திரைதான். அதைத் தர வேண்டியது மருத்துவ எந்திரம். அதற்கு அருவருப்பு கிடையாது, பயம் கிடையாது, எதுவும் தொற்றவும் தொற்றாது. அதற்காகவே மனித மருத்துவர்களை விட்டுவிட்டு அதை அனுப்பியிருந்தார்கள்.

அது இசக்கிராஜை வரிசையில் கடைசியாக உட்கார வைக்கும். முறை வந்ததும், "நாளை வாருங்கள்" என்னும். சில நாள், "எச்.ஐ.வி. பிரிவில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்னும். அப்படி ஒரு பிரிவு நிலவிலேயே இல்லை.

பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. வயிறு வீங்கிக் கண் மஞ்சளித்த பிறகு, மனைவி பிரமிளா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாருக்கும் குடுக்குத மாத்திரைய இவுகளுக்கு மட்டும் ஏன் தர மாட்டேங்குத? உனக்கென்ன ஒட்டிக்கிடவா போவுது?"

"இரண்டு நோயும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் கெடும், அம்மா. இவருக்குத்தான் முதலில் தர வேண்டும் என்கிறது பாடநூல்" என்றது எந்திரம் கனிவாக. "ஆனால் நான் பூமியின் பழைய மருத்துவமனைப் பதிவேடுகளைப் படித்து வைத்தியம் கற்றவன். எச்.ஐ.வி. உள்ள இவரைப் போன்றவர்களை அங்கே கடைசியில் உட்கார வைத்து, நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை மருத்துவர்கள் செய்தால் அதுதானே சிகிச்சை?"

"அது சிகிச்சை இல்ல. அந்த டாக்டர்மாரு செஞ்ச பாவம்."

"அப்படி எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லையே. திருத்திக்கொள்கிறேன். நாளை வாருங்கள்."

பிரமிளா நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் சங்கு ஊதியபோது இசக்கிராஜின் கை சுவருக்கு எழவில்லை.

இறப்புச் சான்றிதழை வாங்க அவள் தனியாகப் போனாள். அதன் கடைசி வரியில், 'நோயாளி ஒழுங்காகச் சிகிச்சைக்கு வரவில்லை' என்றிருந்தது.

"தெனமும் வந்தாகளே."

"தெரியும் அம்மா" என்றது எந்திரம். "இவரைப் போன்றவர்களின் குறிப்பை இப்படி முடிப்பதுதான் வழக்கம்."