மாங்கனி நாளில் பூட்டிய கதவு

மாடிப்படிக் கதவை யாரோ பலமாக உலுக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் காப்பிக்குப் பால் வைத்திருந்த நீலாயதாட்சி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“அண்ணி! சாவி எங்க?”

நாத்தனார் பிரதீபாவின் குரல்தான். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்காக முந்தின நாள் பெங்களூரிலிருந்து வந்தவள், வந்ததிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்கு மாடிக்கு? மொதல்ல காப்பி குடி பிரதீபா.”

“பேச்ச மாத்தாதீங்க! பிச்சாண்டவர் சாமி பொறப்பட்டாச்சு. பழக்கூடை கூடத்துலயே கெடக்கு. அம்மா மாடிலேர்ந்து இறைக்க வேணாமா?”

“இந்த வருஷம் வாசல்ல நின்னே சாமிக்குக் குடுக்கலாம்னு…”

“வாசல்லயா? தெருவே மொட்டமாடில நிக்குது. எங்கம்மா மட்டும் வாசல்ல நிக்கணுமா?”

காரைக்காலில் சுவாமி வலம் வரும் வீதியில்தான் அந்த வீடு. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் தவித்த நீலாவின் மாமியார் லோகாம்பாள், இதே திருவிழாவில் யாரோ ஒரு வீட்டு மாடியிலிருந்து இறைத்த மாம்பழத்தை முந்தானையில் ஏந்தி, கண்ணீரோடு தின்றாள். மறுவருஷம் சோமசேகரன் பிறந்தான். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் தன் வீட்டு மாடியில் நின்று ஒரு கூடைப் பழம் முழுவதையும் கீழே நிற்கும் பெண்களுக்கு இறைத்துவிடுவாள். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவளே இன்று மாடியைப் பூட்டி வைத்திருக்கிறாள்!

“அம்மா போன்லயே சொன்னாங்க, மாடிப்பக்கமே விடமாட்டேங்குறீங்கன்னு. நான் நம்பல. வந்து பாத்தால்ல தெரியுது!” பிரதீபா சுவரைக் கை காட்டினாள். “குளிக்கிற எடம் வரைக்கும் செவுத்துல கயிறு கட்டியிருக்கீங்க. இது என்ன மாட்டுக்கொட்டாயா? கூடத்து ஜமக்காளத்தச் சுருட்டி மூலையில போட்டாச்சு. பரண்ல இருந்த அம்மாவோட வெங்கலப் பானையெல்லாம் தரையில உருளுது. கக்கூஸ் கதவுக்கு உள்தாப்பாள் கூட இல்ல! எங்கம்மாவுக்கு மானம் மரியாதை வேணாமா அண்ணி?”

நீலாவின் கை தன்னையறியாமல் இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சைப் பற்றியது. பிரதீபா அதைக் கவனித்துவிட்டாள்.

“குடுத்துத் தொலையேன் நீலா!” என்றார் சத்தம் கேட்டு வந்த சோமசேகரன். “நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்த ரகளை?”

“என்னங்க… நீங்களுமா?”

“பின்ன? நான் பொறந்ததே அந்தப் பழத்தாலதான். எங்கம்மாவ இறைக்காதேன்னு சொல்ல நீ யாரு?”

அந்த ஒரு சொல் நீலாவைச் சுட்டது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். லோகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் முன்பு, சித்திரையில் ஒரு மத்தியானம். வடாம் எடுக்க மாடியேறிய லோகாம்பாள், தலை சுற்றி நடுப்படியிலிருந்து சரிந்துவிட்டாள். வீட்டில் நீலா மட்டும்தான். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள். எலும்பு தப்பியது தெய்வச் செயல். எழுந்து நிற்கும்போதும் படியேறும்போதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, இனிமேல் படியேறவே கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே லோகாம்பாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு முன்பு ஒருமுறை அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது, இன்னொரு தடவை விழுந்தால் அம்மாவைப் பெங்களூரில் பிரதீபாவின் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவது என்று அண்ணனும் தங்கையும் முடிவு செய்திருந்தார்கள்.

“சோமசேகரன்கிட்ட சொன்னா பிரதீபா காதுக்குப் போயிடும்டி. அந்த அடுக்குமாடில ஏத்தி வச்சா நான் மூச்சுமுட்டியே செத்துப்போவேன். என் உசுரு இந்த வீட்டுலதான் போகணும்… அம்மையார் மேல சத்தியம் பண்ணு நீலா!”

பண்ணினாள். அன்று மாலையே மாடிக்கதவுக்குப் பூட்டு வந்தது. ஏன் என்று கேட்ட சோமசேகரனிடம் ஏதோ சாக்குச் சொல்லி வைத்தாள்.

சட்டென்று பிரதீபாவின் கை நீண்டது. முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. சாவி திரும்பியது, கதவு திறந்தது. தூரத்தில் நாகஸ்வரச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

“வாம்மா! நான் கூட்டிட்டுப் போறேன். யாரு தடுக்குறான்னு பாப்போம்!”

லோகாம்பாள் எழுந்தாள். மாட்டேன் என்றால் ஏன் என்று மகள் கேட்பாள். அதற்குப் பயந்து படிவரைக்கும் நடந்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததை நீலா மட்டும்தான் பார்த்தாள். வாயைத் திறந்தால் அத்தையின் வீடு போகும். திறக்காவிட்டால் அத்தையே…

பாய்ந்து போய் இரண்டாம் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏறக்கூடாது அத்தை.”

“எந்திரிங்க அண்ணி!”

“மாட்டேன்.”

“ஏன்? காரணம் சொல்லுங்க!”

“சொல்ல மாட்டேன். என்னைத் திட்டு, வேணும்னா அடிச்சுக்கூடப் போடு. அவங்க ஏற வேணாம்.”

“அண்ணா, பாத்தியா? இவங்களுக்குப் பைத்தியம்தான்! இந்த ராட்சசிகிட்ட அம்மாவ இனி ஒரு நாள் விட்டு வைக்க மாட்டேன்!”

“நீலா, எந்திரி!” சோமசேகரன் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் படிக்கட்டுக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உதடு மட்டும் பிரியவில்லை.

“அவ மேலேர்ந்து கைய எடுடா!”

லோகாம்பாள் அதட்டினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் விழுந்தேன். இதே படியில… சித்திரையில. ஒங்ககிட்ட சொல்லாதேன்னு அவளைச் சத்தியம் பண்ண வச்சது நான். எனக்குத் தலை சுத்துதுடி பிரதீபா. நின்னா சுத்துது, ஏறினா சுத்துது. அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடமாடுறேன். ஜமக்காளம் கால்ல தடுக்கும்னு சுருட்டினா. பரண்ல ஏறிடுவேன்னு பானைய எறக்கினா. உள்ள விழுந்துட்டா கதவ ஒடைக்க நேரமாகும்னு தாப்பாள எடுத்தா. நான் உள்ள இருக்குறப்பல்லாம் வெளிய நின்னு ‘அத்தை… அத்தை’ன்னு கூப்புட்டுக்கிட்டே இருப்பா. ஒங்கிட்ட அவளைப் பத்திக் கொறை சொன்னது என் வீம்பு…” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இப்ப என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போ. இவளை மட்டும் ஒண்ணும் சொல்லாத!”

சோமசேகரனின் கை தானாகத் தளர்ந்து விழுந்தது. பிரதீபா சுவரில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். கைக்கு இதமாக இருக்கும்படி அதில் பழைய நூல்சேலை சுற்றித் தைத்திருந்தது.

“அண்ணி…” என்று படியில் மண்டியிட்டு நீலாவைக் கட்டிக்கொண்டாள். “ராட்சசின்னு சொல்லிட்டேனே… என் வாய் அழுகிப்போகும் அண்ணி!”

“அசடு மாதிரி பேசாத. பெத்த தாய்க்காகத்தான பேசின.”

“என்னை மன்னிச்சிடு நீலா,” என்றார் சோமசேகரன், தரையைப் பார்த்தபடி.

“எங்கிட்ட கேக்க வேணாங்க. அத்தைய இங்கேயே இருக்க விடுங்க. அது போதும்.”

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுல பகல் பூரா ஆளே இருக்காது. யாரு வெளிய நின்னு கூப்புடுவா? அம்மா இங்கதான் இருப்பாங்க. மாசத்துல ஒரு வாரம் நான் இங்கேர்ந்தே ஆபீஸ் வேலையப் பாத்துக்குறேன். அப்ப நீங்க ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்க அண்ணி.”

நீலா அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை காலமாயிற்று என்று அந்த வீட்டில் அதுவரை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

மேளம் நெருங்கிவிட்டது. மாடிகளிலிருந்து பழங்கள் விழத் தொடங்கின. “சாமி வந்துடுச்சே…” என்று லோகாம்பாள் தவித்தாள்.

“அம்மையார் மாடில நின்னா குடுத்தாங்க அத்தை?” என்றாள் நீலா மெல்ல. “பசின்னு வந்த அடியார் கையிலல்ல மாங்கனியக் குடுத்தாங்க.”

லோகாம்பாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கண்ணீரோடு சிரித்தாள்.

சோமசேகரன் நாற்காலியையும் பழக்கூடையையும் வாசலுக்குக் கொண்டுபோனார். பிரதீபா அவசரமாக அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இழுக்காத பிரதீபா, தடுமாறுவாங்க. ஒங்கைய நீட்டு, போதும். அவங்களே புடிச்சுப்பாங்க.”

பிரதீபா கையை நீட்டினாள். லோகாம்பாள் ஒரு கையால் மகளையும் மறு கையால் மருமகளையும் பற்றிக்கொண்டு, வாசலை நோக்கி மெதுவாக நடந்தாள்.