ரத்தத்திலும் தூக்கத்திலும் ஒரே அலை

"ஹலோ... அது என் கிராஃப்!"

பிரிண்டரிலிருந்து தாளை உருவியவன் திரும்பினான். மழையில் ஓடிவந்திருப்பான் போல. இமைகளில் இன்னும் ஈரம். பக்கத்துப் பிரிவின் தூக்க டாக்டர் என்று அவளுக்குத் தெரியும். பேசியதில்லை.

"இல்லைங்க, என்னோடது. இந்த அலையை ஆறு மாசமா பார்த்துட்டு இருக்கேன்."

தாளின் அடியில் அவளுடைய ரத்தப் பரிசோதனைப் பிரிவின் பெயர் இருந்தது. அசடு வழிந்தான். அதற்குள் பிரிண்டர் அடுத்த தாளைத் துப்பியது. அது அவனுடையது. அதிலும் அதே ஏற்றம், அதே இறக்கம்...

இரண்டு பிரிவும் அளந்தது, அடிக்கடி தலைவலி வரும் அதே நோயாளிகளைத்தான். இங்கே ரத்தம், அங்கே தூக்கம். புள்ளிவிவரம் பார்ப்பது அவள் பிழைப்பு. சும்மா இருக்க முடியவில்லை.

"ரெண்டுலயும் இருக்குன்னா இது தூக்கத்தோட குணம் இல்லை, டாக்டர். வேற ஏதோ ஒண்ணு ரெண்டையும் ஆட்டுது. பொதுவானதைப் பிரிச்சு எடுத்துட்டு மிச்சம் என்னன்னு பாக்கணும். உங்க டேட்டாவைக் கொடுங்களேன்."

அவன் முகம் சுருங்கியது. "அடுத்த வாரம் கூட்டத்துல இதைத்தான் என் கண்டுபிடிப்புன்னு பேசப்போறேன். பிரிச்சு மேய நீங்க யாரு?"

போய்விட்டான். நல்ல கண்கள்... வாய்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் லேப்டாப்போடு அவனே வந்து நின்றான்.

"தூக்கம் வரலை."

"தூக்க டாக்டருக்கேவா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இரண்டு தரவுகளையும் சேர்த்துப் பிரித்ததில், அலை மொத்தமாக இரண்டுக்கும் பொதுவான பக்கம் போய் விழுந்தது. மருந்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டால், நோயாளிகள் எல்லோரும் சாப்பிட்ட மாத்திரையின் அளவு கூடிக் குறைந்ததுதான் காரணம். அவன் லேப்டாப்பை மூடப் போனான். அவளுக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. ஜெயித்தது அவள்தானே...

"இருங்க. தூக்கத்துல மட்டும் ஒண்ணு மிச்சம் இருக்கு."

சின்னத் துடிப்பு. தலைவலி வருவதற்கு முந்தைய ராத்திரிகளில் மட்டும் தூக்கம் கலைந்திருந்தது. ரத்தத்தில் அதன் சாயலே இல்லை. இதுதான் அவனுடைய நிஜமான கண்டுபிடிப்பு.

மறுநாள் கூட்டத்தில் அவன் எழுந்து, "ஆறு மாசமா தப்பா நினைச்சுட்டு இருந்தேன்," என்று ஆரம்பித்தான். பிரித்துக் காட்டியது யார் என்பதையும் சொன்னான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்க, அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "கோபமா?"

"இருந்துச்சு. இப்ப கவலைதான்... வேலை முடிஞ்சுபோச்சே. நாளைக்கு உங்க ரூமுக்கு வர என்ன காரணம் சொல்றது? எனக்கு உங்களைப் பாக்கணும்... அவ்வளவுதான்."

கன்னம் சூடேறியது. குரல் மட்டும் வழக்கம்போல நிதானமாகவே வந்தது.

"காரணம் எதுக்கு? எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... சும்மா வாங்க."