வானத்தில் ஏழு கீறல்கள்

1936 மார்ச். செவ்வாய், காலை பத்து மணி.

ஆனேக்கல் காட்டிலிருந்து ஓஸ்வால்டின் பெட்டி பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்தபோது, பன்னிரண்டு கண்ணாடி நெகடிவ்களில் ஒன்றைக் காணோம். ஓஸ்வால்ட் காய்ச்சலில் இறந்து எட்டு நாளாகியிருந்தது. "தேவாங்கு கிடைத்துவிட்டது" என்று தங்கை பவுலினுக்குக் கடைசியாக எழுதியிருந்தான். நாற்பது இரவு காத்திருந்து எடுத்த அந்தத் தேவாங்குப் படம்தான் இல்லை. அண்ணன் விட்டுப்போனதே அதுதானே என்று பவுலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புதன், பிற்பகல் மூன்று மணி.

நெகடிவ்களில் உள்ள குறைகளைத் தூரிகையால் அழிப்பது பவுலினின் வேலை. கன்டோன்மென்ட் ஸ்டூடியோக்கள் சிக்கலான நெகடிவ்களை அவளிடம்தான் கொடுத்தனுப்பும். அண்ணனோடு காட்டுக்குப் போயிருந்த ரெமிஜியஸுக்கு அது தெரியாது. அன்று ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த உறையில் ஒரு தேவாங்கின் நெகடிவ், கூடவே ஒரு சீட்டு: "மேலே வானத்தில் ஏழு கீறல். அழிக்கவும். கண்காட்சிக்கு அவசரம். ரெமிஜியஸ்."

காட்டில் அண்ணனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன் அவன். பவுலின் ஆளனுப்பி வரவழைத்தாள்.

"நீங்க எடுத்ததா?"

"ஆமா. ஓஸ்வால்ட் காய்ச்சல்ல படுத்திருந்தான். தேவாங்கு கிளைக்கு வந்துச்சு. லென்ஸைத் திறந்தேன், வெளிச்சத்துக்கு மெக்னீசியப் பொடியப் பத்த வெச்சேன், மூடிட்டேன்."

"எவ்ளோ நேரம் திறந்திருந்துச்சு?"

"மூணு செகண்ட்."

பவுலின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோடுகள்மேல் நகத்தை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை. ஏழும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

"இது கீறல் இல்ல, நட்சத்திரம். மூணு செகண்ட்ல புள்ளியாத்தான் விழும். இவ்ளோ தூரம் நகர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மூடியக் கழட்டுற சத்தத்துக்கே தேவாங்கு ஓடிடும்னு எங்க அண்ணன் இருட்டினதுமே லென்ஸைத் திறந்து வெச்சிட்டு அசையாம உக்காந்திருப்பாரு, அது வந்ததும் பொடியப் பத்த வெப்பாரு. இது அவரு உக்காந்திருந்த நேரம்."

ரெமிஜியஸ் அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டான். ஒருமுறையாவது தன் பேர் வெளியே தெரியட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டதாகச் சொன்னான். அன்று கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவன் ரெமிஜியஸ்தான். காய்ச்சலோடு பனியில் போன ஓஸ்வால்டைத் தடுக்கவுமில்லை.

"அன்னிக்கு அண்ணனுக்கு இருமல் இருந்துச்சா?" பவுலின் கேட்டாள்.

"கூடாரத்துல ஓயாம இருமினான். அங்க போய் உக்காந்தப்புறம் ஒரு சத்தமும் கேக்கல. அடக்கிக்கிட்டிருந்தான்."

ரெமிஜியஸ் போன பிறகு பவுலின் சீட்டைக் கிழித்தாள். உறையில் அண்ணன் பெயரை எழுதினாள். தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டாள். அண்ணன் இருமலை அடக்கி உட்கார்ந்திருந்த நேரம் அந்த ஏழு கோடுகளில் இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை.