மூன்றாம் மாடி மடக்குக் கதவு

மூன்றாம் மாடியில் லிஃப்டின் மடக்குக் கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. காலையில்தான் மெக்கானிக் அதைத் தன் கையாலேயே இழுத்து மூடி, இரண்டு தடவை ஆட்டியும் பார்த்திருந்தார். குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய இரும்புப் பட்டைகள், அவற்றின் சாய்சதுர ஓட்டைகள் வழியே கிரீஸும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடையோடு குழியிலிருந்து ஏறி வரும் குளிர்ந்த காற்று, எல்லாம் இருபது வருஷமாகப் பழகியதுதான். மறுபடி மூடினார்.

லிஃப்ட் வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்க வேண்டும். போன மாதம் அதன் பூட்டு மக்கர் செய்தது. புதுப் பூட்டு வர இரண்டே நாள்தானே என்று, கொக்கி விழுந்து பூட்டாதபடி கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் அதே மாடித் தையல்கார அக்கா, கைநிறையத் துணியோடு, பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டே கதவைத் தள்ளிக் காலெடுத்து வைத்தாள். உள்ளே லிஃப்ட் இல்லை.

ஊரே கீழே ஓடியபோது அவர் மட்டும் மேலே ஓடினார். கம்பியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். விசாரிக்க வந்தவர்கள், அந்தம்மா அவசரத்தில் கதவை முரட்டுத்தனமாக இழுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அவரும் தலையாட்டி வைத்தார். அக்காவின் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அவ அவசரக்காரிதான் தம்பி. ஆனா மூடின கதவோட மல்லுக்கட்டறவ இல்லையே?"

"பழைய கதவுண்ணே."



புதுப் பூட்டு மாட்டியாயிற்று; இன்று லிஃப்டை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி. கீழே போய்க் கூண்டுக்குள் ஏறிப் பொத்தானை அழுத்தினார். இரண்டாம் மாடி தாண்டியதும், வெறும் சுவருக்கு நேரே, அது நின்றுவிட்டது.

கூண்டின் கூரையும் கம்பிப் பின்னல்தான். அதன் வழியே மூன்றாம் மாடி வெளிச்சம் அவர் சட்டைமேல் கட்டம் கட்டமாக விழுந்தது. மேலே மடக்குக் கதவு கிறீச்சிட்டது. நிதானமாக. முழுசாக.

கூரைமேல் தொப்பென்று ஏதோ விழுந்தது. கூண்டு குலுங்கியது. சட்டைமேல் இருந்த கட்டங்கள் மறைந்தன. தையல் மெஷின் எண்ணெய் வாசனை. புதுத் துணியின் கஞ்சி வாசனை. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"அக்கா, நான்தான்க்கா. பூட்டை நான்தான் கட்டி வெச்சேன். உங்க மேல தப்பே இல்லக்கா."

மூன்றாம் மாடியிலிருந்து அக்காவின் கணவர் குரல் வந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டு வந்து குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும்.

"நீதானா?" என்றார். "லிஃப்ட் மேல யாருமே இல்லையே தம்பி. யார்கிட்ட சொல்றே?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

பின்னலின் ஓட்டைகள் வழியே விரல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓர் ஓட்டைக்கு ஒரு விரல். ஐந்து. பத்து. பத்தோடு நிற்கவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, கூரையில் இருந்த அத்தனை ஓட்டைகளிலும்.